பிறந்த நாடா, தாய் பிறந்த நாடா? இரண்டு தேசிய அணிகளுக்கும் தகுதியுள்ள வீராங்கனைக்கு ஓர் ஒப்பீடு

2023 ஜூலை 25. மகளிர் கால்பந்து உலகக் கோப்பையில் அன்று வெலிங்டனில் நடந்த ஆட்டத்தில், போட்டியை ஆஸ்திரேலியாவுடன் சேர்ந்து நடத்திய நியூசிலாந்தை பிலிப்பைன்ஸ் 1-0 என்று வீழ்த்தியது. 24ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி அந்த கோலை அடித்த சரீனா போல்டன் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். பிலிப்பைன்ஸ் அவருக்குத் தாய்வழி வந்த நாடு. அதே நாளில் சிட்னியில், கொலம்பியாவுக்கு எதிராகத் தென்கொரியா மாற்று வீராங்கனையாகக் களமிறக்கிய கேசி ஃபேருக்கு வயது 16 ஆண்டு 26 நாள். தாய் கொரியர், தந்தை அமெரிக்கர், வளர்ந்தது அமெரிக்காவில். உலகக் கோப்பையில் ஆடியவர்களில் அவரைவிட இளையவர் ஆண்களிலும் இல்லை, பெண்களிலும் இல்லை.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம், இரண்டு நாட்டு வேர் உள்ள பெண்களின் வீடுகளில் பழைய விவாதம் மறுபடி கிளம்புகிறது. பிறந்து வளர்ந்த நாட்டின் அழைப்புக்குக் காத்திருப்பதா, அம்மாவின் நாடு கூப்பிடும்போதே போய்விடுவதா? ஒரு பக்கம் பயிற்சியாளர் ஒன்று சொல்வார், மறுபக்கம் பாட்டி வேறொன்று சொல்வார். பாட்டியின் ஆசையும் பயிற்சியாளரின் பெருமையும் ஒதுங்கி நிற்கட்டும். கணக்குப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு இது.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும். காகிதத்தில் தகுதி இருக்கிறதா? மூத்த (சீனியர்) அணியில் உண்மையில் எத்தனை நிமிடம் ஆடக் கிடைக்கும்? பெரிய போட்டிக்குப் போகும் வாய்ப்பு எவ்வளவு? செலவு யார் தலையில் விழுகிறது? முடிவு தவறாகிப் போனால் திரும்பி வர வழி உண்டா?

பெரும்பாலான குடும்பங்கள் மூன்றாவது கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. என் கணக்கில் இரண்டாவதும் ஐந்தாவதும்தான் கனமானவை. ஐந்தாவதை விளக்க விதிகளுக்குள் கொஞ்சம் போக வேண்டும். சலிப்பாக இருந்தாலும் இதைத் தாண்டிக் குதிக்க முடியாது.

## கதவு எப்போது சாத்தப்படுகிறது

தந்தையோ தாயோ அந்த நாட்டில் பிறந்திருந்தால், உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவுக்கு அந்த உறவு போதும். தாத்தா, பாட்டி பிறந்திருந்தாலும் சரி. ஆனால் உறவு மட்டும் போதாது. வீராங்கனையிடம் அந்த நாட்டின் குடியுரிமையும் இருக்க வேண்டும்.

தாய்வழி வருபவர்களுக்கு இங்கேதான் தனிச் சிக்கல். ஃபிஃபா தாயையும் தந்தையையும் சமமாக வைத்தாலும், நாடுகளின் குடியுரிமைச் சட்டங்கள் எப்போதும் அப்படி வைத்ததில்லை. தாய்வழிக் குடியுரிமையைத் தென்கொரியா 1998இலும் மொராக்கோ 2007இலும்தான் ஏற்றன. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இந்தியத் தாய் வழியாகக் குடியுரிமை கிடைப்பது 1992 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர்களுக்குத்தான். லெபனான், குவைத், கத்தார் போன்ற நாடுகளில் தந்தைக்குள்ள உரிமை தாய்க்கு இன்றும் இல்லை. ஆகவே அம்மாவின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுப்பதற்கு முன், அந்த நாட்டுச் சட்டத்தில் மகளின் பிறந்த ஆண்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்.

இரட்டைக் குடியுரிமையை ஏற்காத நாடுகள் இன்னொரு சுவர். இந்தியாவை எடுத்துக்கொண்டால், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் (OCI) அட்டை வைத்திருப்பவர் தேசிய அணியில் ஆட முடியாது; இந்தியப் பாஸ்போர்ட்டே வேண்டும். ஆண்கள் கால்பந்தில் ரயன் வில்லியம்ஸ், தாயின் ஊர் மும்பையாக இருந்தும், 2025இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்த பிறகுதான் இந்திய அணியை நோக்கி வர முடிந்தது. ஆஸ்திரேலிய நட்சத்திர வீராங்கனை சாம் கெர்ரின் தந்தை பிறந்தது கல்கத்தாவில் என்று ஆதங்கப்படும் இந்திய ரசிகர்கள் இந்தச் சுவரை மறந்துவிடுகிறார்கள்.

இனி அணி மாற்றம். ஸ்பெயினுக்காக ஒரே ஒரு தகுதிச் சுற்று ஆட்டத்தில் 13 நிமிடம் ஆடிய முனீர் எல் ஹதாதி என்ற ஆண் வீரர், அதனாலேயே பல ஆண்டுகள் மொராக்கோ அணிக்கு ஆட முடியாமல் தவித்தார். இத்தகைய வழக்குகளுக்குப் பிறகு 2020 செப்டம்பரில் விதி தளர்த்தப்பட்டது. இன்றைய நிலை இதுதான்:

- நட்புப் போட்டிகளில் மட்டும் ஆடியிருந்தால் எந்த நாட்டோடும் கட்டுண்டு போவதில்லை. லில்லி யோஹன்னஸ் 2024 ஜூனில் அமெரிக்காவுக்காகத் தென்கொரியாவுடன் நட்புப் போட்டியில் ஆடி கோலும் அடித்தார். அமெரிக்காவா நெதர்லாந்தா என்ற முடிவை நவம்பரில்தான் அறிவித்தார்.
- இளையோர் அணியின் அதிகாரபூர்வப் போட்டியில் ஆடியிருந்தாலும் மாறலாம். முதல் ஆட்டத்தின்போதே மற்ற நாட்டுக் குடியுரிமையும் கையில் இருந்திருந்தால் வழி எளிது. இல்லையென்றால், பழைய நாட்டுக்குக் கடைசியாக ஆடியபோது 21 வயது நிரம்பியிருக்கக் கூடாது.
- மூத்த அணிக்காக அதிகாரபூர்வப் போட்டியில் ஆடிவிட்டால் வழி மிகக் குறுகலாகிறது. நட்புப் போட்டிகளையும் சேர்த்து மூன்று ஆட்டங்களைத் தாண்டியிருக்கக் கூடாது, கடைசி ஆட்டம் 21 வயதுக்கு முன் நடந்திருக்க வேண்டும், அதிலிருந்து மூன்று ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், மற்ற நாட்டுக் குடியுரிமை தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும்.
- தகுதிச் சுற்று முடிந்து நடக்கும் உலகக் கோப்பையிலோ, ஆசியக் கோப்பை போன்ற கண்டக் கோப்பையிலோ மூத்த அணிக்குக் களமிறங்கிவிட்டால், அத்துடன் முடிந்தது. மாற முடியாது.
- மாற்றம் ஒரே முறைதான்.

கேசி ஃபேர் விஷயத்தில் அந்தக் கதவு 16 ஆண்டு 26 நாளில் சாத்தப்பட்டது. கொரியாவைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தவருக்கு அதில் நட்டமில்லை. எது சாத்தப்படுகிறது என்றே தெரியாமல் களமிறங்குகிற பதினாறு வயதுப் பெண்ணை நினைத்தால்தான் கவலை.

ஆண்கள் கால்பந்தைப் பார்த்து வளர்ந்த தந்தையர் ஒன்றைக் குழப்பிக்கொள்வதுண்டு. ஒலிம்பிக்கில் ஆண்கள் ஆடுவது 23 வயதுக்குட்பட்டோர் அணி. பெண்கள் ஆடுவது வயது வரம்பில்லாத மூத்த அணி. மகனுக்குச் சொன்ன ஒலிம்பிக் அறிவுரை மகளுக்குச் செல்லாது.

## முதல் வழி: பிறந்து வளர்ந்த நாடு

கிடைப்பது. வளர்ந்த நாடு அமெரிக்கா, இங்கிலாந்து போன்றது என்றால் வசதிகளைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. மருத்துவர், உடற்பயிற்சி நிபுணர், விமானத்தில் நல்ல இருக்கை, நேரத்துக்கு வரும் பணம். அமெரிக்காவில் 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம ஊதியம். இங்கிலாந்தில் 2020 முதல் இரு அணிகளுக்கும் ஆட்டத்துக்கான தொகை ஒன்றே. மொழி தெரியும், பயிற்சி முறை பழகியது, அணியில் பாதிப் பேர் சிறு வயதிலிருந்தே தெரிந்தவர்கள்.

கிடைக்காமல் போகக்கூடியது. இடம். 2023 உலகக் கோப்பையில் ஓர் அணிக்கு 23 பேர், அதில் மூவர் கோல்கீப்பர்கள். பெரிய நாட்டில் ஒரே இடத்துக்குப் பல தொழில்முறை வீராங்கனைகள் போட்டியிடுவார்கள். முகாமுக்கு அழைப்பார்கள், நட்புப் போட்டியில் கடைசிப் பத்து நிமிடம் தருவார்கள், பிறகு இரண்டு ஆண்டு மௌனம். அந்த மௌனத்துக்கு ஊதியம் கிடையாது. சம ஊதியம் தேர்வானவருக்கு மட்டும்தானே.

கோல்கீப்பர்கள் இதைத் தனியாக யோசிக்க வேண்டும். ஆடுவது ஒருவர்தான். முதல் இடத்தில் 24 வயதில் நல்ல உடல்நிலையோடு ஒருவர் இருந்தால், அடுத்த பத்து ஆண்டுக்கு அந்த இடம் காலியாகாது.

மறைந்திருக்கும் விலை. பணக்காரக் கால்பந்துச் சங்கம் என்றால் சண்டை இருக்காது என்று நினைக்க வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வென்ற கனடா அணி 2023 பிப்ரவரியில் நிதி வெட்டை எதிர்த்து வேலைநிறுத்தம் அறிவித்து, சட்ட நடவடிக்கை வரும் என்ற அச்சுறுத்தலால் களத்துக்குத் திரும்பியது. ஸ்பெயினில் 2022 செப்டம்பரில் 15 வீராங்கனைகள் அணியிலிருந்து விலகி நின்றார்கள்.

யாருக்கு ஏற்றது. 20 வயதுக்குள் மூத்த அணியின் முகாமுக்குத் தொடர்ந்து அழைக்கப்படுபவருக்கு. மேரி ஃபௌலரின் தாய் பாப்புவா நியூகினியைச் சேர்ந்தவர், தந்தை அயர்லாந்துக்காரர். உடன்பிறந்தோர் அயர்லாந்து இளையோர் அணிகளில் ஆடியிருக்கிறார்கள். 15 வயதிலேயே ஆஸ்திரேலிய மூத்த அணியில் இடம் கிடைத்த மேரிக்கு அது பொருந்தவில்லை. ஒரே வீட்டில் இரண்டு விடைகள். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

## இரண்டாம் வழி: தாய் பிறந்த நாடு

கிடைப்பது. நிமிடங்கள். தொடர்ந்து 90 நிமிடம் ஆடுவதும், அணியின் நடுநாயகமாக இருப்பதும், பெனால்டியை உதைக்க ஓடுவதும் ஒரு வீராங்கனையைச் செதுக்குகிற விதம் வேறு. மாற்று வீராங்கனைகளின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது வேறு. 2022 ஜனவரியில் புனேயில் நடந்த ஆசியக் கோப்பைக் காலிறுதியில் சீன தைபேயை பெனால்டியில் வென்று பிலிப்பைன்ஸ் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. வெற்றிக்கான பெனால்டியை அடித்தவர் போல்டன். வலை காத்தவர் ஒலிவியா மெக்டானியல். அவரும் அமெரிக்காவில் பிறந்து தாய்வழியில் வந்தவர்தான். அமெரிக்க அணிக்கு இவர்கள் முயன்றிருந்தால் அப்படியொரு மாலை வாய்த்திருக்குமா என்பது சந்தேகமே.

பெரிய போட்டிக்கான பாதையும் அகலமாகி வருகிறது. 2023இல் 32 அணிகள் ஆடின. 2031 உலகக் கோப்பைக்கு 48 அணிகள் என்று ஃபிஃபா முடிவு செய்திருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் அணிகள் 12லிருந்து 16 ஆகின்றன. 'சிறிய நாட்டுக்குப் போனால் உலகக் கோப்பையை மறந்துவிட வேண்டும்' என்ற பழைய வாதம் 2023லேயே உடைந்தது. ஜமைக்கா, மொராக்கோ, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா நான்கும் கடைசி 16க்குள் வந்தன. ஜெர்மனியும் பிரேசிலும் முதல் சுற்றோடு வீடு திரும்பின.

பிழைப்புக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்து கிளப்பில் சேர வெளிநாட்டு வீராங்கனைக்குத் தேவைப்படும் அனுமதியில், மூத்த தேசிய அணிக்கு ஆடிய ஆட்டங்களுக்குப் புள்ளிகள் உண்டு. அணியின் ஃபிஃபா தரவரிசையைப் பொறுத்து அவை கூடும், குறையும். தாய் ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் என்றால் பாஸ்போர்ட்டே ஐரோப்பிய கிளப்களின் கதவைத் திறந்துவிடும்.

மறைந்திருக்கும் விலை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அழைக்க வரும் அதிகாரி இவற்றைச் சொல்ல மாட்டார்.

முதலில் பணம். ஜமைக்காவையே பாருங்கள். பணமில்லாமல் கலைந்து கிடந்த மகளிர் அணி 2014இல் பாடகர் பாப் மார்லியின் மகள் செடெல்லா மார்லியின் ஆதரவால் மீண்டது. 2019இல் உலகக் கோப்பைக்குப் போன முதல் கரீபிய அணியானது. அந்தப் போட்டியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நாட்டின் முதல் உலகக் கோப்பை கோலை அடித்தவர் ஹவானா சோலான். ஹாங்காங்கில் பிறந்தவர், தாய் ஜமைக்காக்காரர். 2023 போட்டிக்கு முன் வீராங்கனைகள் தங்கள் சங்கத்தின் ஏற்பாடுகள் போதவில்லை என்று பகிரங்கமாக எழுதினார்கள். பயிற்சி முகாம் செலவுக்காக இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார் ஒரு தாய். அவர் சோலானின் தாய். தன் நாட்டின் சட்டையை மகள் அணிய வேண்டும் என்ற ஆசைக்குத் தாய்மார் தரும் விலை சில நேரம் இப்படியும் இருக்கும். அந்த அணி பிரான்சையும் பிரேசிலையும் கோலின்றி நிறுத்திக் கடைசி 16க்குப் போனது என்பது உண்மை. அதற்காக அந்த ஏற்பாடுகள் சரியாகிவிடாது.

ஃபிஃபா 2023இல் முதல் சுற்றோடு வெளியேறும் வீராங்கனைக்கும் 30,000 டாலர் என்று அறிவித்தது. தொகை போனது தேசிய சங்கங்களின் வழியாக. சங்கம் பணத்தை எப்படிக் கையாளும் என்ற கேள்வி அதனால் வீராங்கனையின் சொந்தக் கேள்வியாகிறது.

அடுத்து பயணமும் நாட்காட்டியும். கிளப் ஒரு கண்டத்தில், தேசிய அணி இன்னொரு கண்டத்தில் என்றால், சர்வதேச ஆட்டங்களுக்கான ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டு நீண்ட விமானப் பயணம், தூக்கம் கெட்ட ஒரு வாரம், திரும்பி வந்ததும் கிளப்பில் பெஞ்சு. கண்டக் கோப்பைத் தேதிகள் நகர்வதும் உண்டு: 2024 என்ற பெயரைத் தாங்கிய ஆப்பிரிக்க மகளிர் கோப்பை நடந்தது 2025 ஜூலையில். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருப்பவருக்கு இந்த நகர்வு வலிக்கும். சில சங்கங்கள் மாதக்கணக்கில் ஒரு ஆட்டம்கூட ஏற்பாடு செய்வதில்லை. அங்கே நிமிடங்கள் என்ற முதல் ஆதாயமே ஆவியாகிவிடும்.

மூன்றாவது, பேச வெட்கப்படுகிற விஷயம். வெளிநாட்டில் வளர்ந்தவர் வரும்போது உள்ளூரில் பத்து ஆண்டு உழைத்த ஒரு பெண் வெளியே போகிறாள். உடைமாற்றும் அறையில் அந்த நினைப்பு இருக்கும். வென்றால் 'நம் பெண்', தோற்றால் 'நம் மொழிகூடத் தெரியாதவள்' என்ற பேச்சு வரும். அம்மா வீட்டில் பேசும் மொழியைச் சரியாகக் கற்றுக்கொள்ளாமல் போவது பெரிய தவறு. பயிற்சியாளர் இடைவேளையில் பதற்றத்தோடு சொல்வதை யாராவது மொழிபெயர்த்துச் சொல்லக் காத்திருக்க முடியாது.

யாருக்கு ஏற்றது. 21, 22 வயதாகியும் வளர்ந்த நாட்டின் மூத்த அணியிலிருந்து உறுதியான அழைப்பு வராதவருக்கு, கோல்கீப்பருக்கு, தாயின் நாட்டை விடுமுறைக்குப் போகும் இடமாக மட்டும் அறியாதவருக்கு.

## மூன்றாம் வழி: இளையோர் அணியில் ஒன்று, முடிவு பிறகு

கிடைப்பது. நல்ல பயிற்சியும் கால அவகாசமும். ரீடிங்கில் பிறந்த ரோசெல்லா அயானின் தந்தை ஸ்காட்லாந்துக்காரர், தாய் மொராக்கோக்காரர். இங்கிலாந்து இளையோர் அணிகளில் வளர்ந்து, பிறகு மொராக்கோவுக்கு வந்தார். 2022 ஜூலையில் ரபாத்தில், ஆப்பிரிக்கக் கோப்பை அரையிறுதியில் நைஜீரியாவை வெளியேற்றிய கடைசி பெனால்டி அவருடையது. ஆஷ்லி பிளம்ப்டர் தாத்தா வழியில் நைஜீரியாவுக்குப் போனவர். இங்கிலாந்து இளையோர் அணிகளில் ஆடியவர், 2023 உலகக் கோப்பையில் அதே இங்கிலாந்துக்கு எதிராக உதைத்த பந்து கோலின் மேல்கட்டையில் மோதித் திரும்பியது. நைஜீரியா பெனால்டியில்தான் தோற்றது.

மறைந்திருக்கும் விலை. 'பிறகு' என்பது எளிதில் 'தாமதம்' ஆகும். தாயின் நாட்டுப் பாஸ்போர்ட்டை எடுக்காமல் 17 வயதில் இங்கே ஆடத் தொடங்கிவிட்டு, 21க்குப் பிறகும் ஓர் இளையோர் அதிகாரபூர்வப் போட்டியில் ஆடிவிட்டால் கணக்கு கெட்டுப்போகும். மாற்ற விண்ணப்பம் தேசிய சங்கத்தின் வழியாக ஃபிஃபாவுக்குப் போக வேண்டும். ஆவணம் ஒன்று குறைந்தால் ஒரு தகுதிச் சுற்றே கைநழுவும். இரண்டு பக்கமும் இனிக்கப் பேசிக் காலம் கடத்துபவரை இரு சங்கங்களும் மெல்ல மறந்துவிடும் என்பதும் உண்டு.

யாருக்கு ஏற்றது. 19 வயதுக்குட்பட்ட ஏறக்குறைய எல்லோருக்கும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பிறந்து வளர்ந்த நாடு | தாய் பிறந்த நாடு | காத்திருந்து முடிவெடுத்தல் |
|---|---|---|---|
| ஆவணங்கள் | ஏற்கெனவே கையில் | தாயின் பிறப்புச் சான்று, குடியுரிமை; சட்டத்தைப் பொறுத்தது | இரண்டும் முன்கூட்டியே தேவை |
| ஆட்ட நிமிடங்கள் | பலருக்குக் குறைவு | பெரும்பாலும் அதிகம், சங்கம் ஆட்டம் ஏற்பாடு செய்தால் | இளையோர் அணியில் மட்டும் |
| பெரிய போட்டி | அணிக்கு உறுதி, உங்களுக்கு அல்ல | அணிக்கு நிச்சயமில்லை, போனால் நீங்களும் ஆடுவீர்கள் | தள்ளிப்போகிறது |
| பணம், வசதி | நன்று | சங்கத்துக்குச் சங்கம் மாறும் | இளையோர் அளவில் போதும் |
| பயணச் சுமை | கிளப்பும் அங்கேயே என்றால் குறைவு | அதிகம் | குறைவு |
| திரும்பும் வழி | மூத்த அணிப் போட்டிக்குப் பின் குறுகல் | மாற்றத்தை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் இல்லை | 21 வயதுவரை அகலம் |

## என் தீர்ப்பு

19 வயதுக்குக் கீழே இருந்தால், தாயின் நாட்டுக் குடியுரிமையை இப்போதே பெற்றுவிடுங்கள், நல்ல பயிற்சி கிடைக்கும் இளையோர் அணியில் ஆடுங்கள், மூத்த அணிக்கான அதிகாரபூர்வப் போட்டிக்கு மட்டும் யோசித்துத் தலையசையுங்கள். குடியுரிமை பெறுவதற்கே மற்றொன்றைத் துறக்க வேண்டிய நாடு என்றால் இந்த அறிவுரை பொருந்தாது. அங்கே முடிவு வாழ்க்கை முடிவு, கால்பந்து அதில் ஒரு பகுதி மட்டுமே.

22ஐத் தாண்டியும் அழைப்பு இல்லையா? தாயின் நாட்டுக்குப் போங்கள். அது இரண்டாம் தரத் தேர்வு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் எந்த அணிக்கும் ஆடாதவர்கள். ஆனால் அம்மாவை மகிழ்விக்க மட்டும் போக வேண்டாம். சம்பளம் தாமதமாகும் மாதத்தில் அந்தக் காரணம் தாங்காது.

ஒப்புக்கொள்வதற்கு முன் அந்தச் சங்கத்திடம் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். கடந்த ஓராண்டில் மகளிர் மூத்த அணி எத்தனை ஆட்டம் ஆடியது? விமான டிக்கெட்டை முன்கூட்டி வாங்கித் தருவது சங்கமா, வீராங்கனை வாங்கிவிட்டுப் பின்னர் பணம் பெற வேண்டுமா? தேசிய அணிக்கு ஆடும்போது காயம்பட்டால் சிகிச்சையும் மீட்சிக் காலச் சம்பளமும் யார் பொறுப்பு? பரிசுத் தொகையில் வீராங்கனையின் பங்கு எவ்வளவு, எத்தனை நாளில் வரும்? பதில் எழுத்தில் வராமல் தொலைபேசியில் மட்டும் வந்தால், அதே கேள்விகளை அந்த அணியில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.